தத்து வந்த குஞ்சுகள்

அன்னத்தைப் பற்றிக் கற்பிக்காத தமிழாசிரியர் இலர். அன்னத்தை வளர்த்த தமிழாசிரியரோ மிகச் சிலர். நளனுக்கும் தமயந்திக்கும் இடையே அது தூது சென்ற கதையை நைடதத்தை முன்வைத்து விரித்துரைப்போம். குமரித்துறையிலிருந்து வடமலை நோக்கிப் பறக்கும் அன்னச்சேவலைப் பிசிராந்தையார் விளித்து, இடைவழியில் உறையூரிலே இறங்கிக் கோப்பெருஞ்சோழனைக் காணுமாறு வேண்டும் புறநானூற்று 67ஆம் பாட்டை நட்பின் பெருமைக்குச் சான்றாகக் காட்டுவோம். மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, அன்னம் எப்படி இருக்கும்?" என்று வினவினால், கோயில் வாகனத்தையோ விளக்கின் உச்சியையோ நினைவூட்டிவிட்டு அடுத்த செய்யுளுக்குச் செல்வது எம் தொழிலின் வழக்கம்.

இம்மலருக்கு எம்மிடமிருந்து இலக்கியக் கட்டுரை ஒன்றையே மலர்க்குழுவினர் எதிர்பார்த்திருப்பர். யாம் தருவதோ எம் முற்றத்தில் வளர்ந்த நான்கு வாத்துக் குஞ்சுகளின் வரலாறு. எனினும் இது கல்லூரிக்குப் புறம்பான பொருளன்று என்பதைப் பழைய மாணவரும் இன்றைய மாணவரும் இறுதியிற் காண்பர் என நம்புகின்றோம்.

முதற்கண் பெயரைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். நம்மூரிலே குட்டைக் கழுத்துடைய சிறிய பறவையைத் தாரா என்பர். நீண்ட கழுத்தும் பருத்த உடலும் உடையதை வாத்து என்பர். வடமொழியில் ஹம்ஸம் என்றும், செருமானியர் மொழியில் கான்ஸ் என்றும், ஆங்கிலத்தில் கூஸ் என்றும் வழங்குவன ஒரே வேரினின்று கிளைத்த சொற்களே என மொழிநூலார் காட்டியுள்ளனர். ஆதலின் புலவர் பாடிய அன்னம் நம் முற்றத்து வாத்துக்கு அயலான பறவையன்று. தலையில் இரு கரும்பட்டைகளையுடைய காட்டு வாத்தினம் ஒன்று இன்றும் ஆண்டுதோறும் இமயத்தைக் கடந்து வந்து, திருநெல்வேலிச் சீமையிலுள்ள கூந்தன்குளத்தில் மாரிக்காலத்தைக் கழிக்கின்றது. அவ்வினப் பறவைகள் 7,000 மீற்றருக்கும் மேலான உயரத்திற் பறந்தமை செய்மதிக் கருவிகளால் அறியப்பட்டுள்ளது. பிசிராந்தையார் கண்டது எவ்வினமாயினும், தென்கடலுக்கும் வடமலைக்கும் இடையே வாத்தினம் பறந்து திரிதல் வெறுங் கற்பனையன்று என்பது தெளிவு.

எம்மிடம் வந்தவை அத்தகைய வானப் பயணிகள் அல்ல; வீட்டு வாத்தின் குஞ்சுகள். கிளிநொச்சிப் பக்கத்தில் வதிந்த எம் உறவினர் ஒருவர் முதுமை காரணமாகத் தம் மகள் வீட்டுக்குப் பெயர நேர்ந்தது. அவர் வளர்த்த தாய்ப் பறவைகள் அதற்கு முன்னரே நாய்களுக்கு இரையாகிவிட்டன. எஞ்சிய நான்கு குஞ்சுகளையும் கடகம் ஒன்றில் இட்டுப் பேருந்திலே கொணர்ந்து எம் கையில் ஒப்படைத்தார். "தம்பி, இவற்றுக்கு இனி நீர்தான்" என்ற ஒரு சொல்லையன்றி வேறொன்றும் அவர் கூறவில்லை. அப்போது அவற்றுக்கு மூன்று கிழமை வயது. மேனியெங்கும் மஞ்சளும் சாம்பலும் கலந்த தூவி; இறகு இன்னும் அரும்பவில்லை.

மூன்று கிழமை என்பதை வாசகர் மனங்கொள்ளல் வேண்டும். ஆசிரிய கலாசாலையில் உளவியல் பயின்ற காலத்தில் பவ்லோவின் நாய், தோண்டைக்கின் பூனை ஆகியவற்றோடு லோரன்சின் வாத்தையும் பரீட்சைக்காக யாம் கற்றதுண்டு. கொன்ராட் லோரன்ஸ் (1903–1989) ஒஸ்திரிய நாட்டவர். 1973ஆம் ஆண்டில் வொன் பிரிஷ், டின்பேர்கன் ஆகிய இருவரோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். முட்டையை விட்டு வெளிவந்த வாத்துக் குஞ்சு, முதற்கண் தன்னருகே நடமாடும் உயிரைத் தாயெனக் கொண்டு அதன் பின்னே செல்லும் என்பதை 1935ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் அவர் விளக்கினார். தாய்க்குப் பதிலாக அவரையே முதலிற் கண்ட குஞ்சுகள், அவர் புல்வெளியில் நடந்தால் நிரையாகப் பின்தொடர்ந்தன. நீரில் இறங்கினால் தாமும் இறங்கின. ஆயின் இப்பதிவு நிகழ்வது பொரித்த பின்னர் வரும் மிகக் குறுகிய காலத்திலேயே. முதல் ஓரிரு நாட்கள் கடந்தபின் அந்த வாயில் அடைபட்டுவிடும். அதன்பின் புதியவரைக் கண்டால் அச்சமே முந்தும்.

எம் குஞ்சுகள் அவ்வாயிலைக் கடந்து வந்தவை. தாயை அறிந்தவை, தாயை இழந்தவை, கடகத்தின் இருளில் நெடுவழி வந்தவை. லோரன்சுக்கு இயற்கை இலவசமாகக் கொடுத்த அன்பை யாம் உழைத்தே ஈட்டவேண்டியிருந்தது. இந்த வேறுபாட்டிலேயே இக்கட்டுரையின் பொருள் முழுவதும் அடங்கும்.

நம்பிக்கைக்கு முன்னே உடல். பசியும் குளிரும் தீர்க்காதவன் அன்பைப் பற்றிப் பேசுதல் பயனில்லை. மாமரத்தின் கீழ்க் கிடுகு வேலியால் ஒரு சிறு அடைப்பு அமைத்தோம். தரையில் வைக்கோல் பரப்பினோம், செய்தித்தாளை இடவில்லை. வழுக்கும் தரையிலே குஞ்சின் கால்கள் இருபுறமும் விரிந்து ஊனமுறுதல் கூடும். தைப்பனி கடுமையாக இருந்தமையால் இரவிலே கம்பிவலையிட்ட கூட்டினுள் மின்குமிழ் ஒன்றை ஒரு மூலையில் மட்டும் எரியவிட்டோம். குளிர்ந்தவை அதனருகே கூடவும் வெம்மை மிகுந்தவை விலகவும் இடம் வேண்டுமன்றோ? குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்தால் குளிர் என்றும், அலகைத் திறந்து ஒதுங்கி நின்றால் வெப்பம் என்றும் அறிந்துகொள்ளலாம். வெப்பமானி காட்டுவதைக் குஞ்சுகளே காட்டும்.

வாத்து புல்லுண்ணும் பறவை. இளம் அறுகம்புல்லை நறுக்கி இட்டோம். கீரை இலைகளும் கொடுத்தோம். தோட்டக் காணிகளில் பூச்சிமருந்து தெளிக்கப்படுவதால் வரம்புப் புல்லைத் தொடாது, எம் வளவிலும் கல்லூரி மைதானத்தின் ஓரத்திலும் வளர்ந்த புல்லையே கொய்தோம். கோழிக்குஞ்சுத் தீனியை மட்டும் நம்பியிருத்தல் தகாது. வாத்துக் குஞ்சுக்கு நியாசின் என்னும் விற்றமின் கோழிக்குஞ்சைவிட மிகுதியாக வேண்டும். அது குறைந்தால் கால் வளைந்து நடை தளரும். அதற்காக மதுவத்தூளைச் சிறிதளவு தீனியிற் கலந்தோம். மற்றொருபுறம், அன்பு மிகுதியால் சத்துணவை அளவின்றி ஊட்டுதலும் தீங்கே. உடல் விரைந்து பருத்தால் சிறகின் நுனி பாரந்தாங்காது வெளிப்புறம் திரும்பி நின்றுவிடும். குறைவும் கேடு, மிகையும் கேடு என்பதை இச்சிறு உயிரிலே கண்கூடாகக் காணலாம்.

நீரைப் பற்றி ஒன்று கூறல் வேண்டும். குடிப்பதற்கு ஆழமற்ற தட்டு போதாது. அலகு முழுவதையும் அமிழ்த்தி மூக்குத்துளையையும் கண்ணையும் கழுவிக்கொள்ளும் அளவு ஆழம் வேண்டும். ஆனால் தாயற்ற குஞ்சை உடனே நீந்தவிடுதலும் ஆகாது. தாயின் இறகிலுள்ள நெய்ப்பு உராய்ந்து ஒட்டுவது குஞ்சின் தூவியை நனையாமற் காக்க உதவும். தாயில்லாக் குஞ்சு நீரில் நனைந்து விறைத்துப்போதல் எளிது. ஆகவே கிணற்றடித் தொட்டியில் நண்பகல் வெயிலிலே சிறிது நேரம் மட்டும் விளையாடவிட்டு, உலர்ந்தபின்னரே அடைப்புக்குள் விட்டோம்.

இவையெல்லாம் ஒழுங்காக நடந்தும் குஞ்சுகள் எம்மை ஏற்கவில்லை. யாம் படலையைத் திறந்தவுடன் நான்கும் ஒரே உருண்டையாகி மூலையிற் சுருண்டன. கழுத்தை நீட்டிச் சீறின. யாம் நின்று பார்க்கும்வரை ஒரு பருக்கையும் உண்ணவில்லை. எம் மகள் அவற்றைத் தூக்கி அணைக்க அவாவினாள். "அவை உன்னைத் தேடி வரும் நாள் வரும், அதுவரை பொறு" என்று தடுத்தோம். கையில் எடுத்துத் தடவுவது நமக்கு அன்பின் அடையாளம். குஞ்சுக்கு அது பருந்தின் பிடி.

பருந்தைக் கூறியதற்குக் காரணம் உண்டு. 1937ஆம் ஆண்டளவில் லோரன்சும் டின்பேர்கனும் அட்டையால் ஓர் உருவம் செய்து இளம்பறவைகளின் தலைக்கு மேலே நகர்த்திப் பார்த்தனர். ஒரு திசையில் நகர்த்தினால் அது நீண்ட கழுத்துடைய வாத்தைப் போலவும், மறுதிசையில் நகர்த்தினால் குறுங்கழுத்தும் நீள்வாலும் உடைய பருந்தைப் போலவும் தோன்றும். பருந்தாகத் தோன்றியபோதே பறவைகள் அஞ்சின என்று கூறப்பட்டது. ஆயின் பின்வந்த ஆய்வாளர், சிறப்பாக 1961ஆம் ஆண்டில் ஷ்லைட் என்பார், அவ்வச்சத்தின் வேர் வேறிடத்தில் இருத்தலைக் காட்டினர். எவ்வுருவம் அடிக்கடி கண்ணிற் படுகின்றதோ அதற்குப் பறவை அஞ்சுவதை விட்டுவிடுகின்றது. அரிதாகத் தோன்றுவதற்கே அஞ்சுகின்றது. அச்சத்திற்கு மருந்து பழக்கமே என்பது இதனாற் பெறப்படும்.

ஆதலின் யாம் பழக்கப் பொருளாக மாற முற்பட்டோம். மாலை நான்கு மணிக்கு, அதே வெள்ளை வேட்டியுடன், அதே இடத்தில், கதிரையில் அன்றித் தரையிலே பாய் விரித்து அமர்ந்தோம். நின்றால் யாம் மரம், அமர்ந்தால் புதர். புதருக்குக் குஞ்சு அஞ்சுவதில்லை. கையில் மாணவரின் அப்பியாசக் கொப்பிகளை வைத்துத் திருத்திக்கொண்டிருந்தோம். குஞ்சுகளை உற்றுநோக்குவதைத் தவிர்த்தோம். உற்றுநோக்கும் கண் வேட்டையாடும் கண். தீனி வைக்கும்போது "வாருங்கள்" என்ற ஒரே சொல்லை ஒரே குரலில் மொழிந்தோம். "வகுப்பிலே பிள்ளைகளை வா என்கிறீர்கள்; இவற்றுக்கு மட்டும் வாருங்களோ?" என்று எம் இல்லாளார் நகையாடினார். விருந்தாக வந்தவரை அவ்வாறு அழைப்பதே முறையென விடையிறுத்தோம்.

நான்காம் நாள் யாம் அமர்ந்திருக்கையில் அவை உண்டன. ஏழாம் நாள் பாயின் ஓரத்துப் புல்லைக் கொறித்தன. ஒன்பதாம் நாள் யாவற்றினும் சிறிய குஞ்சு அணுகி, எம் கையிலிருந்த பேனாவின் முனையை அலகாற் பற்றி இழுத்தது. கணக்கற்ற கொப்பிகளைத் திருத்திய பேனாவை இவ்வாறு கேள்விக்குள்ளாக்கிய முதல் உயிர் அதுவே. குஞ்சு கொறிப்பது கடிப்பதற்கன்று, அறிவதற்கு. அவ்வேளையில் கையை வெடுக்கென இழுத்தலும் அதட்டுதலும் கூடா. அசையாதிருந்தோம். பேனா, விரல், வேட்டிக் கரை என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்து, பயனற்றவை எனக் கண்டு, புல்லுக்கு மீண்டது. மறுநாள் மற்றவையும் வந்தன.

எனினும் ஒன்று மட்டும் ஓரத்திலேயே நின்றது. உறங்கும்போதும் நிரையின் கடைசியில் அதுவே. 1999ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, நிரையாக உறங்கும் தாராக்களில் ஓரத்தில் இருப்பது வெளிப்புறக் கண்ணைத் திறந்தவாறே உறங்கும் என்றும், மூளையின் ஒரு பாதி துயில மறுபாதி விழித்திருக்கும் என்றும் நிறுவியது. எம் ஓரத்துக் குஞ்சும் எம்மை நோக்கிய கண்ணை மூடாதே உறங்கிற்று. மூன்று கிழமைகள் கழிந்த ஒரு மாலை, கொப்பி ஒன்றைத் திருத்தி முடித்து நிமிர்ந்தபோது, அக்குஞ்சின் இரு கண்களும் மூடியிருந்தமையைக் கண்டோம். அன்று யாம் எழுந்து செல்ல மனமின்றி இருட்டும்வரை அமர்ந்திருந்தோம்.

நம்பிக்கை வந்துவிட்டது என்று கூறி இங்கே முடிக்கலாம். ஆனால் சோதனை அதன்பின்னரே வந்தது. குஞ்சுகளுக்கு எட்டாம் கிழமை நடந்துகொண்டிருந்தது. தூவி உதிர்ந்து இறகு நிரம்பியிருந்தது. பின்னிரவில் நாய் ஒன்று வேலியடியைத் தோண்டி உட்புகுந்து கூட்டின் வலையைப் பெயர்த்தது. கி.மு. 390ஆம் ஆண்டளவில் கோல் இனத்தார் இருளில் ஏறி வந்தபோது யூனோ தேவியின் கோயில் வாத்துக்களே உரோமாபுரிக் காவலரை எழுப்பின என்று லிவி எழுதினார். எம்மையும் வாத்துக்களின் ஓலமே எழுப்பிற்று. யாம் விளக்குடன் ஓடியபோது நாய் அகன்றது. மூன்று குஞ்சுகள் வாழைப்பாத்திக்குள் ஒளிந்திருந்தன. ஓரத்துக் குஞ்சு சிறகு கிழிந்து குருதி ஒழுகக் கிடந்தது.

கால்நடை வைத்தியர் புண்ணைத் துப்புரவாக்கி மருந்திட்டுவிட்டு, பத்து நாள், நாளுக்கு இருமுறை, உப்பு நீரால் கழுவி மருந்து பூசுமாறு பணித்தார். இதன் பொருள் யாது? எவ்வுயிரை ஒருநாளும் பற்றிப் பிடித்ததில்லையோ அதனைக் காலையும் மாலையும் வலிந்து பிடித்தல் வேண்டும். துணியாற் சுற்றி, கழுத்தைத் தாங்கி, எரியும் மருந்தை இடுதல் வேண்டும். மூன்று கிழமை முயன்று மூடவைத்த கண் மறுபடி திறந்துவிடுமே என்ற கவலை எம்மை வாட்டிற்று. ஆயினும் உயிரா உறவா என்ற நிலையில் உயிரே முதல்.

முதல் இரு நாட்கள் குஞ்சு போராடியது. எம் மணிக்கட்டைக் கடித்துக் கன்றச் செய்தது. மருந்திட்டபின் யாம் அகன்று செல்லவில்லை. அவிழ்த்துவிட்ட அதே இடத்தில் பாயை விரித்து, கொப்பியைத் திறந்து, வழமைபோல் அமர்ந்தோம். குஞ்சு தொலைவில் நின்று சீறிற்று. மூன்றாம் நாள் மாலை, மருந்திட்ட ஒரு மணி நேரத்துள், அது தானே நடந்து வந்து பாயின் விளிம்பிற் படுத்தது. ஆறாம் நாள் பிடிக்கும்போது கடிக்கவில்லை, முனகிற்று. புண் ஆறியது, அச்சிறகு சற்றே தாழ்ந்து நிற்கும் குறை மட்டும் எஞ்சிற்று. அன்று தொட்டு அது ஓரத்தை விட்டு நிரையின் நடுவிலே உறங்கலாயிற்று.

நம்பிக்கை என்பது ஒருபோதும் வருத்தாதிருத்தலால் மட்டும் வருவதன்று. வருத்த நேர்ந்தபின்னும் விட்டு நீங்காது அங்கேயே இருத்தலால் அது வேரூன்றுகின்றது. எம் குஞ்சு கற்பித்த இப்பாடத்தை யாம் ஏற்கனவே ஒருமுறை, ஆனால் மறுபக்கத்திலிருந்து, கற்றிருந்தோம்.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் ஊரை விட்டுப் பெயர்ந்தனர். மழையிலே நாவற்குழிப் பாலத்தைக் கடந்தவருள் பதினைந்து வயதுச் சிறுவனாக யாமும் இருந்தோம். தென்மராட்சியில் ஒரு பாடசாலையின் மரநிழலில் எம்மை இருத்தினர். முகமறியா ஆசிரியர், முகமறியா மாணவர். கடைசியில் அமர்ந்தோம், எவருடனும் பேசவில்லை. அங்கிருந்த தமிழாசிரியர் எம் வீட்டைப் பற்றியோ இழப்பைப் பற்றியோ ஒரு வினாவும் தொடுக்கவில்லை. நாள்தோறும் அதே வேளையில் வந்தார். அதே மரத்தடியில் அமர்ந்தார். மூன்றாம் நாள் எம் பெயரைப் பிழையின்றி விளித்தார். பின்னொரு நாள் எம் கட்டுரையைச் சிவப்பு மையால் நிரப்பித் தந்தார். எம் முகம் வாடிற்று. அவரோ அகலாது அருகே அமர்ந்து, ஒவ்வொரு பிழையையும் எம் வாயாலேயே திருத்துவித்தார். 1996ஆம் ஆண்டில் ஊர் மீண்டபோது எம்முடன் வந்தது அந்தக் கட்டுரைத் தாளும், ஆசிரியராக வேண்டும் என்ற எண்ணமுமே.

ஆறாம் தரத்துக்கு ஆண்டுதோறும் நம் கல்லூரிக்கு வரும் சிறுவர் எவரும் நம் கையிற் பொரித்த குஞ்சுகள் அல்லர். தாய் மடியையும் ஊர்ப் பாடசாலையையும் விட்டு வருபவர். சிலர் அவற்றை இழந்தே வருபவர். கல்லூரி அவர்க்கு வளர்ப்பு வீடு. முதல்நாளே அவர் நம்மை நம்பவேண்டும் என எதிர்பார்க்க நமக்கு உரிமையில்லை. 2005ஆம் ஆண்டிற் கல்வி அமைச்சு தன் சுற்றறிக்கை வாயிலாக உடற்றண்டனையை விலக்கிற்று. பிரம்பை நீக்குதல் சுற்றறிக்கைக்கு இயலும். பிரம்பிருந்த இடத்தில் நம்பிக்கையை நிறுவுதல் அதற்கு இயலாது. அது நாள்தோறும் அதே வேளையில் வந்து அமரும் ஆசிரியனுக்கே இயலும். வகுப்பின் கடைசி ஆசனத்தில் ஒரு கண்ணைத் திறந்தவாறே இருக்கும் மாணவன் எவனென அறிதலே அவன் முதற் கடன்.

இவ்விழாவிலே கூடும் பழைய மாணவர் பலர் இன்று வெளிநாடுகளிலும் பிறவூர்களிலும் வாழ்கின்றனர். மண்டபமும் கட்டடமும் அவர்கள் கொடையால் உயர்ந்தன. கல்லூரி அதனை மறவாது. அவர்பால் மற்றொரு வேண்டுகோளும் உண்டு. ஊருக்கு வருங்கால் ஒரு மாலைப்பொழுதேனும் மைதானத்து ஓரத்தில் வந்து அமருங்கள். அறிவுரை கூறவேண்டுவதில்லை, பெயரைக் கேட்டு, மறுமுறை வரும்போது அப்பெயராலேயே விளித்தாற் போதும்.

மாணவருக்கும் ஒன்று. வாத்துக் குஞ்சைத் தனியே வளர்த்தல் ஆகாது. துணையற்ற குஞ்சு ஓயாது கத்தும், உணவை மறுக்கும். உங்கள் நிரைக்குப் புதிதாக வருபவனை ஓரத்தில் விடாதீர்கள், நடுவில் இடங்கொடுங்கள்.

நான்கு வாத்துக்களும் இன்று எம் வளவைத் தம்முடையதாகவே கருதி ஆண்டுவருகின்றன. அஞ்சற்காரர் படலைக்கு வெளியே நின்று மணியடிக்கின்றார். அன்னம் எப்படி இருக்கும் என்று வினவும் மாணவரை இனி மாலை நான்கு மணிக்கு எம் இல்லத்துக்கு அழைக்கும் எண்ணமுடையோம். பாயில் அமர்ந்து பார்க்கவேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

வந்தோரையெல்லாம் தன் பிள்ளைகளாக ஏற்ற கல்லூரி அன்னை பல்லாண்டு வாழ்க.